மீனுக்குச் செடி பார்க்கும் உமாராணி

“தண்ணி எந்த ஊரு?”

வந்தவர் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றியிருக்க மாட்டார். செடி என்ன விலை என்று கேட்க வாயைத் திறந்திருப்பார், அவ்வளவுதான். உமாராணி நாற்காலியை விட்டு எழாமல், தொட்டிக்குள் இருக்கும் இடுக்கியை வெளியே எடுக்காமல், முகத்தையும் திருப்பாமல் இந்தக் கேள்வியைப் போடுவார். “போர் தண்ணிம்மா” என்றால் எத்தனை அடி போர் என்பது அடுத்த கேள்வி. குழாய்த் தண்ணீர் என்றால் பிடித்து எத்தனை நாள் வைத்திருந்தீர்கள். அதற்கும் ஒருவர் பதில் சொல்லிவிட்டால் என்ன மீன், எத்தனை மீன், தொட்டி எத்தனை லிட்டர், வெயில் விழுமா, விளக்கு எத்தனை மணி நேரம் எரியும், நீங்கள் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். கடைசிக் கேள்வி வருவதற்குள் பாதிப் பேர் போய்விடுவார்கள். மிச்சம் இருக்கிறவர்களுக்குச் செடி கிடைத்துவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில், மேலகரத்தில் இருக்கிறது ‘உமா அக்வேரியம்’. அதை ஒட்டிய கடை என்னுடையது. சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். பண்பொழி முருகன் படத்தோடு வருகிறவரிடம், வீட்டில் எத்தனை பேர், சாமிக்கு வெயில் விழுமா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அப்படி வளைந்து கொடுத்த நான் பதினொரு வருஷமாக அதே ஒற்றை ஷட்டர் கடையில்தான் இருக்கிறேன். வந்தவரையெல்லாம் விரட்டிய உமாராணி அந்தப் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துவிட்டார். வியாபாரத்தில் இதெல்லாம் எந்தக் கணக்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஐம்பது வயது. பத்து விரல் நுனியும் எந்நேரமும் ஊறி வெளுத்திருக்கும். வளையல்களை முழங்கைக்கு மேலே ஏற்றி ரப்பர் பேண்டு போட்டிருப்பார். மூக்குக் கண்ணாடியில் எப்போது பார்த்தாலும் இரண்டு சொட்டுத் தண்ணீர் நிற்கும். அதைத் துடைக்க மாட்டார். துடைத்தால் எதிரே நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரிந்து, எங்கே இரக்கம் வந்துவிடுமோ என்று பயம் போலிருக்கிறது.

“மீனுக்குத்தான் செடி. ஒங்க சோபா கலருக்கு இல்ல.” இதுதான் அவருடைய கொள்கை அறிக்கை. செங்கோட்டையிலிருந்து புதுமாப்பிள்ளை ஒருவர் போனில் ஒரு ரீல்ஸைக் காட்டி, இதே மாதிரி அடியெல்லாம் பச்சைக் கம்பளம், பின்னால் சிவப்பு வரிசை வேண்டும் என்றார். தொட்டியில் என்ன மீன் இருக்கிறது என்று கேட்டார் உமாராணி. கப்பி என்றார் அவர்.

“கப்பி குட்டி போடுத மீனு. போட்ட குட்டியை அதே தின்னுரும். குட்டிக்கு ஒளிய எடம் வேணும்லா? கம்பளத்துல எங்கன போயி ஒளியும்? பொடிசா, அடர்த்தியா, சிக்குப் பிடிச்ச தலை மாதிரி கெடக்குத பாசிதான் அதுக்குச் சரி. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். நீங்க குட்டி போட்டா குட்டியைப் பாப்பியளா, அழகு பாப்பியளா?”

புதுமாப்பிள்ளை என் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் பழனி ஆண்டவருக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். சிக்குப் பாசியை வாங்கிக்கொண்டுதான் போனார்.

ஃபைட்டர் மீன் வைத்திருப்பவருக்கு அகல இலைச் செடி. அதுவும் இலை தண்ணீரின் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். எதற்கு என்று கேட்டால், “படுக்க” என்பார். மீன் இலையில் படுக்குமா என்று ஒரு வாத்தியார் சிரித்துவிட்டார். “மத்தியானம் சோத்தைத் தின்னுட்டு நீங்க நின்னுக்கிட்டா இருக்கிய, சார்?” என்று கேட்டார் உமாராணி. வாத்தியாரிடம் பிளாஸ்டிக் செடிதான் இருக்கிறதாம். அதன் முனை குத்தி மீனின் சிறகு கிழியும் என்று சொல்லி, அதை வீட்டுக்குப் போய் எடுத்து எறிந்துவிட்டு மறுபடி வரச் சொன்னார். மறுபடி வந்தவரிடம் எறிந்ததற்குப் படம் கேட்டார். வாத்தியார் காட்டினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்கள் இந்தக் கடையில் தாழ்ந்த சாதி. அது இளசாக எதைப் போட்டாலும் மேய்ந்துவிடும், மேயாததைத் தோண்டிப் போடும். அவர்களுக்குத் தடித்த இலை உள்ள அனுபியாஸ் மட்டும்தான். அந்தச் செடியின் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டி விட்டால் ஒரு மாதத்தில் தானாக வேர் விட்டுப் பிடித்துக்கொள்ளும். உமாராணி கறுப்புத் தையல் நூலில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுப்பார். அவிழ்ந்துவிடுமே, இன்னொரு முடிச்சுப் போடுங்களேன் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். “ரெண்டு போதும். மூணு போட இது என்ன கல்யாணமா?”

எதிர்ச் சாரியில் பழக்கடை வைத்திருக்கும் முகம்மது ரபீக் பாய் இந்த விசாரணைக்கெல்லாம் பயந்து குறுக்கு வழி பார்த்தார். சாரல் காலத்தில் ரம்புட்டான் எடுக்கக் குற்றாலம் போனவர், அருவிக்குக் கீழே சிற்றாற்றில் வளர்ந்திருந்த செடிகளைப் பிடுங்கி ஒரு பை நிறையக் கொண்டுவந்து தன் தொட்டியில் நட்டார். அருவித் தண்ணீரில் வளர்ந்தது, மூலிகைச் சத்து, காசும் கிடையாது. மறுவாரத்திலிருந்து நாளுக்கு ஒரு மீன் காணாமல் போனது. பாய் பூனையைச் சந்தேகப்பட்டார். பிறகு மாமியாரைச் சந்தேகப்பட்டார். கடைசியில் வெட்கத்தை விட்டு உமாராணியைக் கூப்பிட்டார். அவர் போய் இடுக்கியை விட்டு, செடியின் அடியிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு புழுவை எடுத்து வெளியே போட்டார்.

“தும்பிப் புழு, பாய். செடியோட வந்திருக்கு. ஓசியில கொண்டாந்த செடிக்கு மீனையில்லா வெலையாக் குடுத்திருக்கீரு.”

எந்தச் செடியையும் படிகாரத் தண்ணீரில் முக்கி, ஒரு வாரம் தனி வாளியில் போட்டு வைத்துப் பார்த்த பிறகுதான் அவர் தொட்டியில் இறக்குவார். போலீஸில் இருக்கும் அவருடைய கணவர் இவ்வளவு பேரை இவ்வளவு நாள் காவலில் வைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

கடையின் பின்சுவர் ஓரமாக இருக்கும் ஒரு தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் மேல் அட்டையில் எழுதி ஒட்டியிருக்கும்: ‘இது விற்பனைக்கு இல்லை. கேட்காதீர்கள்.’ உள்ளே ஒரு மரக்கட்டை. அதைச் சுற்றி ஒரே ஒரு அனுபியாஸ். கடை திறந்த வாரத்தில் இரண்டு இலையோடு கொண்டுவந்து கட்டியது. இப்போது கட்டை எது செடி எது என்று தெரியாமல் பிடித்து வளர்ந்திருக்கிறது. வருஷத்துக்கு ஏழெட்டு இலைதான் விடும். அதன் நிழலில் நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த, நம் ஊர் வாய்க்கால் மீன்கள் நாலு மிதக்கும். குற்றாலத்தில் விடுதி வைத்திருக்கும் ஒருவர் அந்தக் கட்டையைக் கேட்டு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை உமாராணி அட்டையைக் கழற்றி, அவர் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

இப்படிப்பட்டவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தால், அந்தப் பெண்ணின் கதி என்ன?

ஜெயபிரியாவுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. தென்காசியில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். அம்மாவுக்கும் சேர்த்து அமைதியாகப் பிறந்த பெண். சுரண்டையிலிருந்து வந்த முதல் வரன், இரண்டடித் தொட்டியில் ஒன்றரை அடி அரோவானா வளர்ப்பதாகப் பெருமையாகச் சொன்னார். “திரும்பக்கூட எடமில்லாம மீனை வச்சிருக்கவன், எம் பொண்ணை எந்த அறையில வைப்பானோ” என்று அவர் காதுபடவே சொல்லி அனுப்பிவிட்டார் உமாராணி. அடுத்தவர் ஃபைட்டரை ஊறுகாய் ஜாடியில் வைத்திருந்தார். அவருக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை. மூன்றாவது வரனுக்கு மீனே பிடிக்காது. அது பெரிய குற்றம். நாலாவதாக ஒருவர் வந்தார், அவர் செய்த பாவம் என்னவென்று எனக்கு மறந்துவிட்டது.

ஐந்தாவதாக வந்தவர் பாண்டிராஜ். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அப்பாவோடு சேர்ந்து காய்கறி மண்டியைப் பார்க்கிறவர். இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு ஜெயபிரியா ஒரு மாதம் போனில் பேசினாள். பேசிவிட்டு அம்மாவிடம் சொன்னாளாம்: “நான் பேசுனா கடைசி வரைக்கும் கேக்காரும்மா.” அந்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அவள் முகத்தில் ஒரு மினுக்கம் வந்திருந்தது. நானே பார்த்தேன்.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமை. உமாராணியின் கணவருக்கு எங்கோ ஒரு கோயில் கொடைக்குப் பந்தோபஸ்து, லீவு கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாகப் பெரிய மனுஷன் வேஷத்தில் நான், என் மனைவி, உமாராணியின் அண்ணன், அண்ணி. கார் ஏறும்போது ஜெயபிரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அங்கன போயி நீ வாயைத் தொறக்கக் கூடாது. எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு.”

“நா என்னத்தட்டி சொல்லப் போறேன்?” என்றார் உமாராணி. பதினொரு வருஷத்தில் நான் கேட்ட ஒரே பச்சைப் பொய் அது. பிறகு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, “தொறக்க மாட்டேன். ஓந்தலையில சத்தியம்” என்றார்.

புது வீடு. கூடத்துக்குள் கால் வைத்ததும் நான் உமாராணியின் முகத்தைத்தான் பார்த்தேன். சுவர் ஓரமாக, ஊதா விளக்கு போட்டு, நாலடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி நின்றது.

மாப்பிள்ளையின் அப்பா சங்கரபாண்டி நல்ல உபசாரி. நாங்கள் உட்கார்ந்ததும், மகனுடைய வேலையைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டுத் தொட்டியின் பெருமையை ஆரம்பித்தார். “தண்ணி முழுக்க ஐந்தருவித் தண்ணியாக்கும். நம்ம டெம்போவுல நாலு டிரம்மு கொண்டாந்தேன். செடி மட்டும் என்னங்கிய? மீன் கடையில போயி கேட்டா, ரெண்டு எலைக்கு வாய் கூசாம ஒரு வெலை சொல்லுதான். நம்ம மார்க்கெட்டுக்கு வராத செடியா?”

நான் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். கூழாங்கல்லில் வரிசையாக நட்டிருந்தது சிவப்புப் பொன்னாங்கண்ணி. நட்டிருந்தது என்றுகூடச் சொல்லக் கூடாது. கட்டுக்கட்டாக, வாழைநார் கட்டியபடி, மண்டியில் ஏலத்துக்கு அடுக்கி வைக்கிற ஒழுங்கில் சொருகியிருந்தார்கள். மேல் இலைகள் விளக்கில் ஜோராகச் சிவந்து நின்றன. நாருக்குக் கீழே எல்லாம் கறுத்துக் குழைந்திருந்தது. தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக இருந்தது. கீரை வியாபாரியின் வீட்டைத் தவிர இந்த உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு தோட்டம் அமைய வாய்ப்பில்லை.

மீன் நியான் டெட்ரா. ஊசி நீளம், விலாவில் நீலக் கோடு, வாலில் சிவப்பு. முப்பது வாங்கினார்களாம். பதினொன்று இருந்தது. பதினொன்றும் தண்ணீரின் மேல் மட்டத்தில் வரிசையாக நின்று வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தன.

“ஆளு வந்தா போதும், மேல வந்து எட்டிப் பாக்கும். அம்புட்டுப் பாசம்” என்றார் சங்கரபாண்டி.

உமாராணி மிக்சரை அள்ளி வாயில் போட்டார். சங்கரபாண்டி அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். இவர் முறுக்கைக் கடித்தார். ஐந்தருவித் தண்ணீரின் மூலிகைக் குணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எங்கள் ஐந்து பேருக்கு வைத்த பலகாரத்தை உமாராணி ஒருவரே முடித்திருந்தார். வாயில் இடம் இல்லாதபடி அடைத்துவைத்திருந்தார், பாவம். அன்றைக்கு அந்த மனுஷி மகளுக்காகப் பட்ட பாட்டை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். மாப்பிள்ளைப் பையன் எதிரே நின்று என் மனைவியின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. இன்னும் கால் மணி நேரம் இப்படியே ஓடினால் தாம்பூலத்தை மாற்றிவிடலாம்.

அப்போது ஒரு மீன் சாய்ந்தது. பக்கவாட்டில் சாய்ந்து, நிமிரப் பார்த்து, முடியாமல் மறுபடி சாய்ந்தது.

உமாராணி எழுந்தார். பட்டுச் சேலை முந்தானையை இடுப்பில் சொருகினார். வளையல்களை முழங்கைக்கு மேலே தள்ளினார். நான் “எம்மா, உமா” என்பதற்குள் மூடியைத் தூக்கிவிட்டுக் கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டார். ஒவ்வொரு கட்டாக, நாரோடு, வேரோடு, கறுத்த தண்ணீர் ஒழுக ஒழுக வெளியே வந்தது. கூடம் முழுக்கச் சாக்கடை வாடை. எடுத்ததை எங்கே வைப்பது? கைக்கு எட்டிய தட்டில் வைத்தார். அது நாங்கள் கொண்டுபோன தாம்பூலத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், மல்லிகைப் பூ, அதன் மேலே அழுகின பொன்னாங்கண்ணி ஆறு கட்டு.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

“இது கீரை. கூட்டு வைக்க வேண்டியதைக் கொண்டாந்து தண்ணிக்குள்ள நட்டு அழுக விட்டிருக்கீய” என்றார் உமாராணி. குரல் ஏறவில்லை. அதுதான் இன்னும் மோசம். “அதுக ஆளைப் பாக்க மேல வரல. மூச்சு முட்டி வருது.”

மாப்பிள்ளையின் அம்மா ஆனந்தவள்ளி, வந்ததிலிருந்து அடுக்களை நிலையை விட்டு நகராதவர், போய்ச் சன்னலைத் திறந்துவிட்டார். சங்கரபாண்டியின் முகம் அந்தக் கீரையின் நிறத்துக்கு வந்திருந்தது.

“வீடு பாக்க வந்தியளா, வீட்டைக் கழுவ வந்தியளா? போயிட்டு வாங்க” என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. சம்பந்தம் பேசப் போன இடத்தில் தாம்பூலத்தில் அழுகலை வைத்தால் வேறு என்ன சொல்வார்கள்? திரும்பக் காரில் ஏறினோம். எனக்கு வந்த கோபத்துக்கு, தென்காசி வருவதற்குள் உமாராணியை இறக்கிவிட்டு நடந்து வரச் சொல்லியிருப்பேன். கார் என்னுடையதாக இல்லாமல் போய்விட்டது.

ஜெயபிரியா வாசலில் நின்றாள். அம்மாவின் சேலையில் தோள் வரைக்கும் இருந்த ஈரத்தைப் பார்த்தாள். “கையை விட்டியா?” என்று மட்டும் கேட்டாள். பதில் வருவதற்குள் உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை.

ஐந்து நாள் அவள் அம்மாவிடம் பேசவில்லை. ஐந்து நாள் உமாராணியும் கடையைத் திறந்தார், விளக்கைப் போட்டார், வந்தவர்களிடம் “இன்னைக்குச் செடி இல்ல” என்றார். தொட்டி தொட்டியாகச் செடி வளர்ந்து நிற்கும்போது அப்படிச் சொன்னார். யாரிடமும் தண்ணீர் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் இல்லாமல் ஆணி நேராக இறங்கவில்லை. நாலாம் நாள் என் கடை வாசலில் வந்து நின்றார்.

“நா சொன்னது பொய்யா, அண்ணாச்சி?”

“பொய் இல்லம்மா. யாரு பொய்யின்னா?”

“பொறவு என்ன?” என்றவர் ரோட்டைப் பார்த்தார். “அவ எங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதை என்னால முடியல.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதை அவர் துடைத்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பாவூர்சத்திரம் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் ஆனந்தவள்ளி வந்து இறங்கினார். கூட யாரும் இல்லை. கையில் மூடி போட்ட எவர்சில்வர் தூக்குவாளி. வழி கேட்டுக் கேட்டு வந்து கடைக்குள் ஏறினார். நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். ஒட்டுக் கேட்கப் போகவில்லை. அவசியப்பட்டால் குறுக்கே விழத்தான் போனேன்.

ஆனந்தவள்ளி தூக்குவாளியை மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே நீலக் கோடுகள் ஓடின.

“பதினொண்ணுல ஒம்போது இருக்கு. நீங்க அந்தக் கீரையை எடுத்த அன்னைக்குச் சாயங்காலமே மேல வாறதை விட்டுட்டுக் கீழ எறங்கிட்டு. எம் மவன்தான் உக்காந்து தண்ணியை மாத்துனான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நா தெனமும் அதுகளைப் பாக்கேன். பாசத்துல வருதுன்னு அவுக சொன்னாக, நானும் ஆமான்னுட்டேன். எனக்கு மட்டும் தெரியாமலா இருந்திருக்கும்? அந்த வீட்டுல ஒரு ஆளு அவுகளுக்கு எதுத்தாப்புல நின்னு அது அப்படி இல்லன்னு சொல்லி, நா அந்த ஞாயித்துக்கெழமை வரைக்கும் பாத்ததில்ல.”

உமாராணி தூக்குவாளிக்குள் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

“அவுக இன்னும் மூஞ்சைத் தூக்கிக்கிட்டுத்தான் அலையுதாக. அலையட்டும். வந்துருவாக. தொட்டியைச் சரி பண்ணிட்டுப் பொறவு தேதி பாப்போம், அந்தப் பொண்ணுதான்னு மவன் சொல்லிட்டான். நானும் அதையேதான் சொன்னேன்.” தூக்குவாளியை உமாராணி பக்கம் நகர்த்தினார். “இதுகளுக்கு எந்தச் செடி ஒத்துக்கிடும்னு நீங்களே பாத்துக் குடுங்க. என்னென்னமோ கேப்பியளாமே, மவன் சொன்னான். கேளுங்க. தண்ணி ஐந்தருவி.”

கேட்பார் என்று நானும் காத்திருந்தேன். எத்தனை லிட்டர், விளக்கு எத்தனை மணி நேரம், ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள். ஒன்றும் வரவில்லை. உமாராணி இடுக்கியை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தார். விற்பனைக்கு இருக்கிற தொட்டிகளை எல்லாம் தாண்டிப் பின்சுவருக்குப் போனார். அட்டையை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் அந்த மரக்கட்டையை வெளியே தூக்கினார். வெள்ளிப் பொட்டு மீன்கள் நிழல் போன திசை தெரியாமல் சிதறின. பதினொரு வருஷத் தண்டைத் தடவித் தடவிப் பார்த்து, நல்ல இலை இருக்கும் பக்கமாகப் பாதியை வெட்டி எடுத்தார்.

ஆனந்தவள்ளிக்கு அது என்ன செடி, எத்தனை வருஷத்துச் செடி என்று தெரியாது. நான் சொல்லலாமா என்று நினைத்தேன். உமாராணி என்னைப் பார்த்த பார்வையில் பேசாமல் நின்றுவிட்டேன்.

மேஜையில் ஒரு கல்லை வைத்து, செடியை அதன் மேல் படுக்கவைத்து, வேர் நசுங்காமல் கறுப்பு நூலைச் சுற்றினார். ஒரு முடிச்சுப் போட்டார். இரண்டாவது முடிச்சையும் போட்டார். கத்தரியை நூலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவர், கையை நிறுத்தினார். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, நூலை மறுபடி விரலில் சுற்றி, மூன்றாவது முடிச்சைப் போட்டு இறுக்கினார்.